ஏழு மாசப் பையன் தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில வாங்க மாட்டேங்கான், பால நிறுத்தினா சாப்பிடுவானா?

நிறுத்தாதீங்க. மத்தத பொறவு பேசலாம்.

உங்க கேள்வியில "பால நிறுத்திட்டா பசியில தன்னால சாப்பிடுவான்னு வீட்ல சொல்றாங்க"ன்னு ஒரு வரி கெடக்கு பாத்தீங்களா, அதப் படிச்சதும் கையில இருந்த வேலைய அப்படியே போட்டுட்டு எழுத உக்காந்துட்டேன். எங்க வீட்ல, தெருவுல, கல்யாண வீட்லன்னு இதே பேச்ச கேட்டுக் கேட்டு காது புளிச்சவ நான். நீங்க பேர் போடாம கேட்டிருக்கீங்க, அதுலயே உங்க வீட்ல என்ன நெலமைன்னு எனக்குப் புரியுது. கூட்டுக் குடும்பமாத்தான் இருக்கும், மொதப் புள்ளையாத்தான் இருக்கும், பக்கத்து வீட்டுப் புள்ள ஒரு கிண்ணம் சோறு திங்கும், அத உங்க கண்ணு முன்னாடியே சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க.

ஏழு மாசத்துல புள்ளைக்கு இன்னும் பிரதான ஆகாரம் தாய்ப்பால்தான். ஆறு மாசத்துலருந்து எட்டு மாசம் வரைக்கும், தாய்ப்பால் நல்லா குடிக்கிற புள்ளைக்கு வெளி ஆகாரத்துலருந்து வேண்டியது ஒரு நாளைக்கு சுமார் 200 கலோரிதான், இது உலக சுகாதார நிறுவனம் சொல்லுத கணக்கு, நான் சொல்லுதது இல்ல. மிச்சம் அம்புட்டும் பால்லருந்துதான் வருது. அப்ப அந்த 200-க்காக மிச்சத்த நிறுத்துதோம்னா என்ன நியாயம்? ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் குடுக்கலாம்னுதான் அவங்களே சொல்லுதாங்க. நம்ம ஊர்ல பத்து மாசம் ஆயிட்டாலே "இன்னுமா குடுக்க"ன்னு மூஞ்சியச் சுளிக்காவ.

நான் டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. கீழ வந்து "நீ யாரு சொல்லுததுக்கு"ன்னு கேக்கப் போறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிருதேன். ஒரு புள்ளையப் பெத்து, அது சோறு திங்காம நான் பட்ட பாட்டத்தான் சொல்லுதேன். எல்லாப் புள்ளையும் ஒண்ணு போல இருக்காது, அதுவும் தெரியும்.

எனக்கு அம்மா வீடு பாளையங்கோட்டை, கட்டிக் குடுத்தது கல்லிடைக்குறிச்சி. ஆறு மாசம் முடிஞ்சதும் கேப்பைக் கூழ்லதான் ஆரம்பிச்சோம். எங்கம்மை கேப்பைய ஊறப்போட்டு முளைகட்டி, நெழல்ல காயவச்சு, இளஞ்சூட்டுல வறுத்து, மில்லுல குடுத்தா பழைய மாவு வாசம் ஏறும்னு வீட்லயே மிக்சியில அரைச்சு வெள்ளத் துணியில சலிச்சுக் குடுத்துவிட்டாவ. அவ்வளவு பக்குவமா செஞ்சத எம்மவ ஒரு ஸ்பூன் எறக்க மாட்டேன்னுட்டா. ஸ்பூன் கிட்ட போகும்போதே உதட்ட உள்ள மடக்கி இறுக்கிக்குவா, தலையத் திருப்பி தொட்டில் கயித்தப் பாப்பா, எப்படியோ உள்ள வச்சிட்டோம்னா நாக்கு முன்னாடி வந்து கூழ அப்படியே வெளிய தள்ளும், அது நாடி வழியா எறங்கி கழுத்து மடிப்புல போயி ஒட்டி, நான் துடைக்கதுக்குள்ள காஞ்சு போவும். அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணி, மட்டிப் பழம், எல்லாத்துக்கும் இதே கததான். என் மடியில உக்கார வச்சா ஸ்பூனப் பாக்கவே மாட்டா, சேலைய இழுத்துக்கிட்டு நெஞ்சுலதான் முட்டுவா.

அப்பதான் எங்க வீட்டுக்காரரோட பெரியம்மை ஒருத்தவ வந்திருந்தாவ. "எங்கிட்ட குடு, நான் ஊட்டுதேன்"னு புள்ளைய வாங்கி, கால நீட்டி உக்காந்து, கால்ல மல்லாக்கப் போட்டு, கன்னத்த ரெண்டு விரலால அமுக்கி வாயத் தொறந்து பாலாடையில ஊத்த ஆரம்பிச்சாவ. ரெண்டாவது மடக்குலயே புரையேறிட்டு. முகம் செவந்து, கண்ணு தள்ளி, மூக்கு வழியா கூழ் வருது, அழக்கூட முடியல அதுக்கு. நான் பாய்ஞ்சு தூக்கி தோள்ல கவுத்துப் போட்டு முதுகத் தட்டினேன். அன்னைக்கு அந்த வீட்ல எனக்குக் கெடச்ச பேரு திமிரு புடிச்சவ. "எத்தன புள்ளைய இப்படி வளத்திருக்கேன், நேத்து வந்தவ எனக்குச் சொல்லுதா"ன்னு அவியளுக்குக் கோவம். அந்தப் பேரு இன்னைக்கும் எனக்கு இருக்கு, இருந்துட்டுப் போட்டும். மல்லாக்கப் போட்டு ஊத்தினா ஆகாரம் மூச்சுக்குழல்ல போகும், நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில சேக்குற அளவுக்குப் போகும். உங்க வீட்ல யாரு எவ்வளவு பெரியவங்களா இருந்தாலும் சரி, மல்லாக்கப் போட்டு ஊத்தவும் மூக்கப் பொத்தி ஊத்தவும் மட்டும் விடாதீங்க.

அது பலிக்கலன்னதும் அடுத்த யோசன, என்னைய ரெண்டு நாள் அம்மா வீட்ல கொண்டு விட்டுட்டு புள்ளைய இங்க வச்சுக்கிடுதது, பால் கெடைக்காட்டி தன்னால திம்பாளாம். அத்தையும் அதுக்கு சரின்னுட்டாவ. நான் போக மாட்டேன்னு நின்னேன். எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு எம்பக்கம் நின்னாரு, அத நான் மறக்க மாட்டேன்.

அதுக்குப் பொறவுதான் பாளையங்கோட்டையில ஒரு குழந்தை டாக்டரம்மாட்ட காட்டினோம். எடை பாத்தாவ, ரத்தம் எடுத்துப் பாத்தாவ, ஹீமோகுளோபின் 9 சொச்சம்தான் இருந்துச்சு. டாக்டரம்மா சொன்னது இதுதான். வயித்துல இருக்கும்போது அம்மாட்டருந்து வாங்கி சேத்து வச்ச இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாசத்துக்குத்தான் வரும், தாய்ப்பால்ல இரும்பு ரொம்பக் கொஞ்சம், அதுக்காகப் பால் மட்டம்னு அர்த்தம் இல்ல, வெளிய இருந்து கூடச் சேக்கணும்னு அர்த்தம். இரும்பு கொறஞ்சா பசியும் மந்தமாகும், பசி மந்தமானா ஆகாரம் எடுக்காது, ஆகாரம் எடுக்காட்டி இரும்பு இன்னும் கொறையும். இந்தச் சுத்தலத்தான் முதல்ல வெட்டணும்னு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாவ. பாருங்க, பிடிவாதம் பிடிவாதம்னு புள்ளையத் திட்டிட்டு இருந்த வீட்ல காரணம் ரத்தத்துல இருந்துருக்கு. சொட்டு மருந்து குடுத்தா ஆய் கருப்பாப் போகும், பயப்படாதீங்க. கிராமத்துல நர்ஸம்மாவே ஆறு மாசத்துக்கு மேல உள்ள புள்ளைகளுக்கு வாரம் ரெண்டு நாள் 1 மில்லி இரும்பு சிரப் குடுக்க திட்டம் இருக்கு, கேட்டு வாங்குங்க. ஆனா எடையும் ரத்தமும் பாக்காம நீங்களா மருந்துக் கடையில வாங்கி அளவு கூட்டிக் குடுக்காதீங்க.

இங்க ஒண்ணு சொல்லணும், உங்க கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா சொல்லாட்டி எனக்கு ஆறாது. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வார வழியில ஒரு பஸ் ஸ்டாண்டுல எறங்கி பஸ் மாறணும், பேரு வேண்டாம். புள்ள பசியில கத்துதா. தாய்ப்பால் ஊட்டும் அறைன்னு போர்டு இருக்கு, 2015-ல தமிழ்நாடு முழுக்க பஸ் ஸ்டாண்டுல அந்த அறையத் தொறந்தாங்களே, எவ்வளவு நல்ல காரியம். போய்ப் பாத்தா பூட்டு. சாவி யார்ட்டன்னு கேட்டா ஒருத்தர் இன்னொருத்தரக் கை காட்டுதாரு, அவரு சாப்பிடப் போயிருக்கவரக் காட்டுதாரு. சன்னல் வழியாப் பாத்தா உள்ள தொடப்பமும் பினாயில் கேனும் அடுக்கி வச்சிருக்கு. வெயில்ல, கடைக்கு முன்னால ஒரு தூண் மறவுல, அத்தை முந்தானைய விரிச்சுப் புடிக்க, உக்காந்து குடுத்தேன். தாய்ப்பால் குடு குடுன்னு சுவர் பூரா எழுதிப் போட்டுருக்கவங்க அந்தச் சாவிய ஒரு ஆணியில மாட்டி வைக்கக் கூடாதா? அன்னைக்கு அத்தைக்கும் மனசு கலங்கிட்டு. அதுலருந்து அவியளும் பால நிறுத்துன்னு ஒரு வார்த்த சொல்லல.

சரி, விஷயத்துக்கு வாரேன். டாக்டரம்மா சொன்ன ரெண்டாவது விஷயம், கூழ் தண்ணியா இருக்கக் கூடாது. ஸ்பூனச் சாய்ச்சா ஒழுகாம நிக்கணும். நம்ம ஆளுங்க புள்ளைக்குத் தொண்டையில எறங்கணும்னு தண்ணியா கரைச்சுக் கரைச்சு குடுக்காங்க, அந்தச் சின்ன வயித்த தண்ணிக் கஞ்சி ரொப்பிரும், சத்தும் சேராது, பால் குடிக்கவும் எடம் இருக்காது. எங்கம்மை முளைகட்டினதுக்கு ஒரு நல்ல காரணம் இருந்துருக்கு, முளை விடும்போது தானியத்துல உண்டாகுத நொதி மாவுச்சத்த ஒடைச்சிரும், அதனால தண்ணி கூட ஊத்தாமலே கூழ் இளகி வழுவழுன்னு வரும், அதே கிண்ணத்துல மாவு கூடுதலாப் போடலாம்.

அப்படியும் உடனே எல்லாம் நடந்துரல. நடந்தது ஒரு கல்யாண வீட்ல. அம்பாசமுத்திரத்துல சொந்தக்காரங்க வீட்டு மறுவீடு, மறுவீட்டுக்கு எங்க பக்கம் சொதிதான் சாப்பாடு, தேங்காப்பால்ல காய்கறி போட்டு வைக்குதது, வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்லுதேன். மாமா மடியில புள்ள உக்காந்திருந்தா. நான் அடுத்த பந்தியில உக்காரலாம்னு பின்னால நிக்கேன், அவ கண்ணுக்கு நான் படல. மாமா எலையில கெடந்த உருளைக்கிழங்குத் துண்ட, நல்லா வெந்து ஓரம் கரைஞ்சு இருந்துச்சு, அஞ்சு விரலும் சேத்து அமுக்கிப் புடிச்சா. பாதி விரல் இடுக்குல பிதுங்கி மாமா வேட்டியில விழுந்துட்டு. மிச்சத்த வாயில வச்சு சப்பினா, மூஞ்சியக் கோணினா, ஒரு வாட்டி ஓங்கரிச்சா, பொறவு திரும்பவும் கையக் கொண்டு போனா எலைக்கு. மாமா அசையாம உக்காந்திருக்காவ, சோறு ஆறுது, அவிய சாப்பிடவே இல்ல. நான் பின்னால நின்னு அழுதுட்டேன்.

அதுல உப்பு இருந்துருக்கும், காரமும் லேசா இருந்துருக்கும், அது தெரியும், அத தினம் குடுக்கச் சொல்லல. அதுலருந்து நான் எடுத்துக்கிட்டது வேற. எங்கிட்ட இருந்தா அவளுக்குப் பால் ஞாபகம்தான், என் மேல பால் வாசம் அடிக்கும், அங்கன உக்கார வச்சு கேப்பையக் காட்டினா எந்தப் புள்ள திங்கும்? அதனால ஊட்டுத வேலைய மாமாவும் அத்தையும் எடுத்துக்கிட்டாவ, நான் அடுக்களையில நின்னுக்கிடுவேன். பால் குடுத்து ஒரு மணி நேரம் போல கழிச்சு, ரொம்பப் பசியும் இல்லாம தூக்கமும் இல்லாம இருக்கும்போது, எல்லாரும் சாப்பிடுத நேரத்துல அவளையும் நேரா உக்கார வச்சு, அவளுக்கு ஒரு தட்டு. ஸ்பூனக் கிட்ட கொண்டு போயி நிறுத்திருவாவ, அவளா வாயத் தொறந்தாத்தான் உள்ள. தலையத் திருப்பினா முடிஞ்சுது, அன்னைக்கு அம்புட்டுத்தான். அத்தைக்கு முதல்ல இது பொறுக்கல, ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிக்க விடுததான்னு முணுமுணுப்பாவ, பைய பைய அவியளும் பழகிட்டாவ.

வேகவச்ச உருளைக்கிழங்கு, பூசணிக்காய், கொழைய வடிச்ச சோத்துல பாசிப்பருப்பும் நெய்யும், இட்லிய வெந்நீர் தொட்டுப் பிசைஞ்சது, கேப்பைக் கூழே மறுபடியும், இதெல்லாம் எறங்க ஆரம்பிச்சுது. முதல்ல ரெண்டு மூணு ஸ்பூன், அப்புறம் பையப் பைய அரைக் கப். முருங்கைக்கீரைய வேகவச்சு அரைச்சு பருப்புல சேப்பேன், கூட கொஞ்சம் தக்காளியோ ரெண்டு சொட்டு எலுமிச்சையோ, அதுல உள்ள வைட்டமின் சி இருந்தா கீரை பருப்புல உள்ள இரும்பு உடம்புல நல்லா ஏறும். எங்க வீட்ல அசைவம் கெடையாது. நீங்க சாப்பிடுறவங்கன்னா முட்டை, மீன், ஈரல் எல்லாம் நல்லா வேகவச்சு ஆறு மாசத்துக்கு மேல குடுக்கலாம், இரும்புக்கு எங்களவிட உங்களுக்கு வழி லேசு.

ஒரு ஆகாரத்த ஒரு நாள் துப்பினா புடிக்கலன்னு முடிவு கட்டிராதீங்க. புதுசா ஒரு ருசி பழகுததுக்கு எட்டு, பத்து, சில புள்ளைக்கு பதினஞ்சு தடவ கூட ஆகும். நாக்கால தள்ளுததும் வெறுப்பு இல்ல, இத்தன நாள் சப்பிக் குடிச்ச நாக்குக்கு உள்ள தள்ளி முழுங்குதது புது வேல. ஓங்கரிக்குததும் அப்படித்தான், சத்தம் போட்டு, இருமி, தானே வெளிய தள்ளிரும். சத்தமே இல்லாம மூச்சுத் திணறி முகம் நீலம் பாரிச்சாத்தான் ஆபத்து, அதனால முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் மாதிரி தொண்டையில அடைக்குதத குடுக்கக் கூடாது.

தேன் மட்டும் ஒரு வயசு வரைக்கும் நாக்குல தொட்டுக்கூட வைக்காதீங்க, அதுல உள்ள ஒரு கிருமி வித்து சின்னப் புள்ளை குடல்ல வெசமாகும். "எங்க ஆச்சி தேன் தொட்டு வச்சுத்தான் எங்கள வளத்தா"ன்னு கண்டிப்பா ஒருத்தர் எழுதுவீங்க. வளந்தீங்க, சந்தோசம், நான் சண்டைக்கு வரல. உப்பு, சீனியும் ஒரு வயசு வரைக்கும் வேண்டாம், சப்புன்னு இருக்கேன்னு நமக்குத்தான் தோணும்.

டப்பா மாவு வாங்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. அவசரத்துக்கு ஒரு நாள் குடுத்தா ஒண்ணும் ஆகாது, இரும்பு சேத்ததும் அதுல இருக்கு, குடுக்குத அம்மாவ நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்க ஆகாரத்துக்கு விளம்பரமே பண்ணக் கூடாதுன்னு நம்ம நாட்ல 1992-ல வந்த சட்டத்த 2003-ல திருத்தியே சொல்லியாச்சு, அத நெனைச்சுக்கிட்டு, வாட்சப்ல சும்மா தேடி வந்து பவுடர் பேர் சொல்லுதவங்கள நம்பாதீங்க.

உங்க பையன் எடை கூடாம நின்னாலோ, திங்கும்போதெல்லாம் புரையேறி இருமினாலோ, சோந்து வெளுத்துப் போயி இருந்தாலோ, எட்டு மாசம் தாண்டியும் ஒரு ஸ்பூன் கூட எறங்கலன்னாலோ, இங்க கேட்டுட்டு இருக்காம டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போயிருங்க, ரத்தம் பாக்கச் சொல்லி நீங்களே கேளுங்க. பொறந்தப்ப எடை என்ன, இப்ப என்ன, யாரு மடியில வச்சு ஊட்டுதீங்கன்னு கீழ எழுதுங்க, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்லுதேன்.