திணறுவது பிரவுசரா, கம்ப்யூட்டரா?

கேள்வி: எங்கள் வீட்டு லேப்டாப் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாகக் குரோம் பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்ததுமே எல்லாம் உறைந்துவிடுகிறது. மகளின் ஆன்லைன் வகுப்புக்கு நடுவே, ‘இந்தப் பக்கம் பதிலளிக்கவில்லை; காத்திருக்கிறீர்களா, வெளியேறுகிறீர்களா?’ என்று கேட்கிறது. பழுது பார்ப்பவரோ, ‘பழைய மெஷின், இனித் தேறாது, புதிது வாங்கிவிடுங்கள்’ என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அவர் சொல்வது கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் எது திணறுகிறது என்று காட்டாமல் ‘தேறாது’ என்று தீர்ப்புச் சொல்பவரை நம்பிப் பணம் செலவழிக்கக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

மெதுவாக இருப்பதும் உறைந்து நிற்பதும் இரண்டு வேறு நோய்கள். பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது, டேபில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் வேறு டேபுக்குப் போக முடிகிறது, ஏற்கெனவே திறந்த பக்கத்தை மேலும் கீழும் நகர்த்த முடிகிறது என்றால் இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதே வைஃபையில் உள்ள செல்போனில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் இழுத்தடித்தால் கம்ப்யூட்டர் மீது குற்றமில்லை. தட்டிய எழுத்து சற்று நேரம் கழித்துத் திரையில் விழுகிறது, பக்கம் நகர மறுக்கிறது, மூடும் பெருக்கல் குறியை அழுத்தினாலும் அசைவில்லை என்றால் கோளாறு மெஷினுக்குள் இருக்கிறது. இதற்காக வேகமான இணையத் திட்டத்துக்கு மாறினால் மாதக் கட்டணம் மட்டும்தான் கூடும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

அடுத்து, குற்றவாளியைப் பிடிக்க வேண்டும். குரோமைத் திறந்து வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். குரோமுக்கென்றே உள்ள டாஸ்க் மேனேஜர் திறக்கும். எட்ஜ் பிரவுசரிலும் இப்படியே செய்யலாம். ஃபயர்ஃபாக்ஸில் மெனுவில் ‘மோர் டூல்ஸ்’ என்பதற்குள் போனால் டாஸ்க் மேனேஜர் இருக்கும். ஒவ்வொரு டேபும், பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரலான ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் எவ்வளவு மெமரியை (ரேமை)ப் பிடித்திருக்கிறது, கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை எவ்வளவு உழைக்க வைக்கிறது என்று அங்கே வரிசையாகத் தெரியும். தலைப்பின் மேல் கிளிக் செய்தால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும்.

பட்டியலில் இருபது முப்பது வரிகள் இருப்பதைப் பார்த்து வைரஸ் என்று பயந்துவிடாதீர்கள். ஒரு டேப் விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழக் கூடாது என்பதற்காக, 2008இல் வெளிவந்த நாளிலிருந்தே குரோம் தன் வேலையைப் பல துண்டுகளாகப் பிரித்துத்தான் செய்கிறது. 2018இல், பிராசஸர்களில் ‘ஸ்பெக்டர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்த பிறகு, ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப் பார்க்க முடியாதபடி தளங்களையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். அதனால் மெமரி செலவு ஏறக்குறைய 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுள் நிறுவனமே அப்போது சொன்னது. அந்தச் செலவு நம் பாதுகாப்புக்கானது. அதைக் குறைக்க முயல வேண்டாம். நாம் தேடுவது, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் பிராசஸரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு டேப் அல்லது எக்ஸ்டென்ஷன். அதைத் தேர்ந்தெடுத்து அங்கேயே முடித்துவிடலாம்.

பெரும்பாலும் அது ஒரு எக்ஸ்டென்ஷனாகவே இருக்கும். தள்ளுபடிக் கூப்பன் தேடித் தருவது, பிடிஎஃப் மாற்றித் தருவது, வீடியோ இறக்கித் தருவது என்று என்றோ ஒரு நாள் ஒரே ஒரு தேவைக்காகச் சேர்த்தவை, அதன் பிறகு நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும். இதைச் சோதிப்பது எளிது. இன்காக்னிட்டோ என்னும் தனி விண்டோவைத் திறந்து, வழக்கமாக உறையும் தளத்துக்குப் போங்கள். நீங்கள் அனுமதி தந்திருந்தால் ஒழிய, எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே சரளமாக ஓடினால் எக்ஸ்டென்ஷன்களில் ஒன்றுதான் காரணம் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். தேவையில்லாததை நிறுத்தி வைப்பதோடு விடாமல் நீக்கியே விடுங்கள். நல்ல எக்ஸ்டென்ஷன் என்றும் நல்லதாகவே இருக்கும் என்ற உறுதி கிடையாது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தித் தந்த ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ மிகப் பிரபலமாக இருந்தது. அதன் பொறுப்பு வேறு கைக்கு மாறிய பிறகு, அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. பிரவுசரை வேகப்படுத்த வந்ததே வினையாக முடிந்தது.

டேப்களைத் தூங்க வைக்க இப்போது தனி எக்ஸ்டென்ஷன் தேவையும் இல்லை. குரோமின் செட்டிங்ஸில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி சேவர்’ இருக்கிறது. எட்ஜில் ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’ இருக்கிறது. இரண்டும் இலவசம். இயக்கி வையுங்கள்.

வகுப்பு, வீடியோ ஆகியவற்றின்போது மட்டும் உறைகிறது, திரையில் கறுப்புக் கட்டங்கள் தெரிகின்றன என்றால் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போய், வீடியோ வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்பதை நிறுத்திவிட்டுப் பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். அது சரி செய்தால், கோளாறு பெரும்பாலும் அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரில் இருக்கிறது. டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் அதை இயக்கிவிட வேண்டும். நிறுத்தியே வைத்திருந்தால் வீடியோவின் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழும்.

‘கேஷை அழியுங்கள்’ என்று எல்லோரும் முதலில் சொல்வார்கள். பார்த்த பக்கங்களின் படங்களையும் கோப்புகளையும் பிரவுசர் சேர்த்து வைக்கும் இடம்தான் கேஷ். நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன். ஒரு குறிப்பிட்ட தளம் மட்டும் கோணலாகத் தெரிந்தால் அது பயன்படும். பொதுவான உறைதலுக்கு அதனால் பலன் அரிது. அழித்தவுடன் சில நாள் பக்கங்கள் இன்னும் மெதுவாகவே வரும், ஏனென்றால் எல்லாப் படங்களையும் மறுபடி இறக்க வேண்டும். அழிக்கும்போது படங்களும் கோப்புகளும் என்ற கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு கட்டத்தையும் சேர்த்து அழித்துவிட்டுத் தவிப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் எழுதுகிறார்கள்.

கேள்வி: திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று குரலோடு எச்சரிக்கை வந்தது. எதையும் மூட முடியவில்லை. பயந்துபோய், அதில் காட்டிய ‘சுத்தம் செய்யும்’ மென்பொருளுக்குக் கார்டில் பணம் கட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் முன்பைவிட மெதுவாகிவிட்டது.

பதில்: நீங்கள் தவறு செய்துவிட்டதாக வருந்த வேண்டாம். பயந்த மனிதர் யோசிக்க மாட்டார் என்று கணக்குப் போட்டே அந்தத் திரையை வடிவமைத்திருக்கிறார்கள். அது வெறும் ஓர் இணையப் பக்கம். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கவே முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. எண் இருந்தால் மோசடி. இந்த ஓர் அடையாளம் போதும்.

இன்னொரு முறை வந்தால் எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் விடாமல் அழுத்துங்கள், முழுத்திரை விலகும். பிறகு ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்தி மூடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது, ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். சம்மதித்தால் அதே பக்கம் வந்து நிற்கும்.

இப்போது உங்கள் பணத்துக்கு வருவோம். இன்றே வங்கியை அழைத்து, கார்டை முடக்கச் சொல்லுங்கள். அந்தப் பரிவர்த்தனையை மறுத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். இத்தகைய மென்பொருள்கள் தானாகப் புதுப்பிக்கும் சந்தாவாகவே விற்கப்படுகின்றன. கார்டு உயிரோடு இருந்தால் அடுத்த ஆண்டும் பணம் போகும். மென்பொருளை நீக்கிவிட்டு, விண்டோஸில் கூடவே வரும் டிஃபெண்டரைக் கொண்டு முழுச் சோதனை செய்யுங்கள். அந்த எண்ணை அழைத்து, யாரையாவது தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் வர விட்டிருந்தால் இணையத்தை உடனே துண்டியுங்கள். அவர்கள் நிறுவச் சொன்னதை நீக்குங்கள். மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

திரையின் ஓரத்தில் அடிக்கடி விளம்பரம் எட்டிப் பார்க்கிறதா? எப்போதோ ஒரு தளத்துக்கு ‘அலோ’ கொடுத்திருப்பீர்கள். பிரவுசரின் செட்டிங்ஸில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். ரிஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் பூஸ்டர் போன்ற பெயர்களில் விற்கும் எதற்கும் பணம் கட்ட வேண்டாம். அவை செய்வதாகச் சொல்லும் வேலையில் பயனுள்ள பகுதியை விண்டோஸ் ஏற்கெனவே இலவசமாகச் செய்கிறது.

கேள்வி: டேப்களைக் குறைத்தாகிவிட்டது, எக்ஸ்டென்ஷனே இல்லை. இன்னும் திணறுகிறது. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. ரேம் போடுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

பதில்: மெஷினையே கேளுங்கள். ரேம் என்பது ஓடும் வேலைகளைத் தாங்கும் மெமரி; எஸ்எஸ்டி என்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகத் தகவலைச் சேமிக்கும் டிஸ்க். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமான வேலையைச் செய்யுங்கள். உறையும் நேரத்தில் எது உச்சியில் நிற்கிறது என்று பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் வகை ‘எச்டிடி’ (சுழலும் ஹார்ட் டிஸ்க்) என்று காட்டுகிறது என்றால் எஸ்எஸ்டிதான். சுழலும் தட்டில் ஓர் ஊசி தகவலைத் தேடிப் போக ஏறக்குறைய 10 மில்லிவிநாடி எடுக்கும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, ஒரு மில்லிவிநாடியின் சிறு பங்கில் முடிந்துவிடும். பிரவுசர் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை எழுதிப் படிப்பது என்பதால் இந்த வேறுபாட்டைக் கையால் உணரலாம். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, மொத்தமே 4 ஜிபி என்றால் ரேம் போடுங்கள். 4 ஜிபியில் கணிசமான பங்கை விண்டோஸே எடுத்துக்கொள்கிறது. இரண்டும் உச்சியில், டிஸ்க்கும் பழைய வகை என்றால் முடிவெடுப்பது கடினம். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கைத் துணைக்கு அழைப்பதால் இரண்டும் சேர்ந்தே திணறும். என் தேர்வு எஸ்எஸ்டி. திணறல் முற்றிலும் போகாவிட்டாலும் தாங்கும்படி ஆகிவிடும், கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும் நேரமும் குறையும்.

வாங்குவதற்கு முன் சிலவற்றைக் கவனியுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; கூட்டவே முடியாது. ரேமிலும் தலைமுறைகள் உண்டு; டிடிஆர்3 ரேம் டிடிஆர்4 இடத்தில் பொருந்தாது, வெட்டுப்பள்ளமே வேறு. எம்.2 என்னும் சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு. உங்கள் போர்டு எதை ஏற்கும் என்று மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மாற்றி முடித்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கை மறக்காமல் திருப்பி வாங்குங்கள். உங்கள் புகைப்படங்களும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அதில்தான் இருக்கின்றன. ‘எதற்கு உங்களுக்கு?’ என்று கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

செலவழிக்கும் முன் இன்னொரு கேள்வியும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு, 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உங்கள் மெஷின் விண்டோஸ் 11ஐ ஏற்காது என்றால், பாகம் வாங்கிப் போடும் பணம் எத்தனை நாளைக்கு என்று யோசிக்க வேண்டும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் பழகத் தயார் என்றால் அந்தப் பழைய மெஷினுக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயுள் உண்டு. புதிதாக வாங்கினால் 8 ஜிபிக்குக் குறையாமல், முடிந்தால் 16 ஜிபியாக வாங்குங்கள். விளம்பரத்தில் பிராசஸர் பெயரைப் பெரிதாகப் போட்டு, 4 ஜிபி ரேம் என்பதைச் சின்ன எழுத்தில் வைத்திருப்பதை நம்பி ஏமாறாதீர்கள்.

கேள்வி: குரோமை விட்டு வேறு பிரவுசருக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாம் குரோமின் அடிப்படையான குரோமியத்தின் மீதே கட்டப்பட்டவை. எட்ஜ் 2020 ஜனவரியில் அதற்கு மாறியது. மாறியதும் வேகம் தெரிந்தால், பெரும்பாலும் அங்கே உங்கள் எக்ஸ்டென்ஷன்களும் பழைய குப்பையும் இல்லாததே காரணம். குரோமிலேயே ஒரு புதிய புரொஃபைல் உருவாக்கிப் பாருங்கள், அதே வேகம் கிடைக்கலாம். பக்கங்களைத் திரையில் வரையும் எஞ்சினே உண்மையில் வேறாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ்.

கேள்வி: முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது. பிறகு விசிறி இரைந்து, அடிப்பாகம் சுட்டு, பிரவுசர் நகர மறுக்கிறது.

பதில்: பிராசஸர் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தை மீதும் மடி மீதும் வைக்காமல், காற்று போகும்படி மேசையில் வையுங்கள். காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருந்தால் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சில ஆண்டுகள் ஆகியிருந்தால் பிராசஸர் மேல் பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லலாம். டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா, அடிமூடி பிதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் பேட்டரி உப்பிவிட்டது. உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அழுத்தியோ குத்தியோ பார்க்காதீர்கள். பேட்டரியை மாற்றும்வரை அந்த லேப்டாப்பை மறுபடி இயக்க வேண்டாம்.