ஸ்டெம் செல் கொடை: அழைப்பு வந்த பிறகு மறுக்கலாமா?

கேள்வி: புதுச்சேரியில் வேலை பார்க்கும் என் 24 வயது மகள், கல்லூரியில் படித்தபோது நடந்த முகாமில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்து, ஸ்டெம் செல் (எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்) கொடையாளராகப் பதிவு செய்திருந்தாள். ஒரு நோயாளிக்கு அவளுடையது பொருந்துவதாக இப்போது அழைப்பு வந்திருக்கிறது. முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள், பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மறுத்துவிடலாமா?
– ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: அம்மா, மறுக்கும் உரிமை உங்கள் மகளுக்கு எந்த நிலையிலும் உண்டு. ஆனால் மறுப்பதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுவதுதான் முறை. சிகிச்சைக்கு நாள் குறித்த பின்னர், நோயாளிக்குச் சில நாட்கள் கடுமையான மருந்துகளைக் கொடுத்து, பழுதுபட்ட அவருடைய மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கொடையாளர் பின்வாங்கினால், சொந்தமாக ரத்தம் ஊறும் வழியும் அடைபட்டு, வர வேண்டிய செல்களும் வராமல், அந்த நோயாளி உயிரிழக்க நேரிடும். பதிவு முகாம்களில் இதை அழுத்தமாகச் சொல்லாமல் பெயர்களின் எண்ணிக்கையை மட்டும் பெருக்குவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

முதுகுத்தண்டைப் பற்றிய அச்சம் தேவையற்றது. மஜ்ஜையை எடுப்பது இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து, அதுவும் மயக்க மருந்து கொடுத்துத்தான். இன்று பெரும்பாலான கொடைகளில் அந்த முறைகூடத் தேவைப்படுவதில்லை. நான்கைந்து நாட்கள் ஊசி மருந்து செலுத்தி ஸ்டெம் செல்களை ரத்த ஓட்டத்துக்கு வரச்செய்து, கையிலுள்ள ரத்தக் குழாயிலிருந்து ரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியே செலுத்தி, வேண்டிய செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு எஞ்சியதை உடலுக்கே திருப்பிவிடுகிறார்கள். இதற்குச் சில மணி நேரம் ஆகும். ஊசி போடும் நாட்களில் எலும்பு வலி, தலைவலி, அசதி ஆகியவை வரலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கொடை முடிந்ததும் அவை தணிந்துவிடும். கொடுத்த செல்களை உடல் சில வாரங்களில் ஈடுசெய்துகொள்ளும். கருவுறும் திறனை இது பாதிப்பதில்லை. செலவு எதுவும் உங்களைச் சேராது.

உங்கள் மகளை ஏன் தேடி வந்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ரத்த வகை ஒன்றாக இருந்தால் மட்டும் இதற்குப் போதாது. தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக வரும் எச்.எல்.ஏ. எனும் திசு அடையாளங்கள் ஒத்துப்போக வேண்டும். உடன்பிறந்த ஒருவரிடமே முழுப் பொருத்தத்துக்கான வாய்ப்பு நான்கில் ஒரு பங்குதான். குடும்பத்துக்கு வெளியே தேடும்போது, ஒரே மரபுவழியைச் சேர்ந்தவர்களிடம் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். ஆகவே நம் பகுதி நோயாளிகளுக்கு வெளிநாட்டுப் பதிவேடுகளைவிட நம்மவர்களின் பதிவே பெரிதும் உதவும். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்கள் அதற்காகவே இயங்குகின்றன. உறவினர்கள் பேச்சை ஒதுக்கிவிட்டு, மகளுடன் நீங்களும் சென்று மருத்துவரிடம் நேரில் கேளுங்கள். முடிவு அவளுடையதாக இருக்கட்டும். அவள் சம்மதித்தால் துணைக்கு நில்லுங்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்காக அண்ணனைச் சேர்த்தபோது, எந்த வகையானாலும் சரி, இரண்டு பேர் ரத்தம் கொடுங்கள் என்றார்கள். ரத்த வங்கி இருக்கும்போது எங்களிடம் ஏன் கேட்க வேண்டும்?
– ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: உங்கள் அண்ணனுக்கு ஏற்றிய ரத்தமும் யாரோ ஒருவர் கொடுத்ததுதான், வங்கியில் குறைந்ததை ஈடுகட்டவே உங்களைக் கேட்கிறார்கள். ரத்தத்தைத் தொழிற்சாலையில் செய்ய இயலாது. சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தாலும் 35 அல்லது 42 நாட்களே தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கோ ஐந்தே நாட்கள். விபத்து, பேறுகால ரத்தப்போக்கு, புற்றுநோய்ச் சிகிச்சை என்று கடலூர், விழுப்புரம் மாவட்டத்தினரும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையை நாடி வருகிறார்கள். கல்லூரி விடுமுறையில் முகாம்கள் குறையும் மாதங்களிலும் அந்தத் தேவை குறைவதில்லை. விலைக்கு ரத்தம் கொடுக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு, 1998 தொடக்கத்தில் முடிவுக்குக் கொண்டுவந்தது. எனவே நோயாளியின் உறவினர்கள் நெருக்கடியில் ஆள் தேடி அலையாமல் இருக்க வேண்டுமானால், உடல்நலம் உள்ளவர்கள் கேட்காமலே முன்வர வேண்டும். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடை இருந்தால், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

கேள்வி: ஹீமோகுளோபின் 11 என்று சொல்லி முகாமில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி நான் கொடுக்கவே முடியாதா?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை

பதில்: முடியும். ரத்தம் கொடுக்க 12.5 கிராம் வேண்டும். உங்கள் நலனைக் காக்கவே அந்த வரம்பு. முதலில் குறைவுக்கான காரணத்தை மருத்துவரிடம் கண்டறியுங்கள். மாதவிடாயில் மிகுந்த போக்கு, குடற்புழு, உணவில் இரும்புச்சத்துக் குறைவு ஆகியவை நம் பெண்களிடம் அடிக்கடி காணப்படுபவை. இரும்புச்சத்து மாத்திரையை அவர் சொன்ன காலம் வரை நிறுத்தாமல் எடுத்துக்கொள்ளுங்கள். உணவோடு தேநீர் அருந்துவதைத் தவிருங்கள். ஸ்டெம் செல் பதிவுக்குக் கன்ன மாதிரி மட்டுமே எடுப்பதால், வயது வரம்புக்குள் இருந்தால், பொதுவாக இந்தக் குறைவு அதற்குத் தடையாகாது. முழு உடற்பரிசோதனை பொருத்தம் கிடைத்த பின்னரே நடக்கும்.