அம்ரோகா வழக்கில் மரண தண்டனையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றமே தூக்கு ஆணையை ஏன் இரத்துச் செய்தது?

வவுனியா மேல் நீதிமன்றத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டாலும் அது நிறைவேறாது என்பதை வன்னியில் நாம் அறிவோம். இலங்கையில் 1976க்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. இந்தியாவின் நிலை வேறு. அங்கே தண்டனை உண்மையாகவே நிறைவேறக்கூடும் என்பதால், நடைமுறையின் ஒவ்வொரு படியும் உயிரோடு தொடர்புடையது.

உத்தரப் பிரதேசத்தின் அம்ரோகாவில், 2008 ஏப்ரலில், ஓர் இளம் ஆசிரியை பெற்றோர், சகோதரர்கள், கைக்குழந்தை உட்படத் தன் குடும்பத்தினர் 7 பேரைக் காதலனுடன் சேர்ந்து கொன்றதாக நிரூபிக்கப்பட்டது. இருவருக்கும் 2010இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015 மே 15 அன்று உறுதிசெய்தது. ஆனால் மீளாய்வு மனுவுக்குரிய 30 நாள் அவகாசமும், ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் கருணை கோரும் உரிமையும் எஞ்சியிருக்க, வழக்கை விசாரித்த கீழ் நீதிமன்றமான அமர்வு நீதிமன்றத்தின் நீதிபதி, தண்டனையை நிறைவேற்றப் பணிக்கும் தூக்கு ஆணையை ஆறே நாட்களில் பிறப்பித்தார்; அதில் தேதிகூடக் குறிப்பிடப்படவில்லை. இந்த அவசரம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அரசமைப்பின் 21ஆம் உறுப்புரை தரும் உயிருரிமை தண்டனைத் தீர்ப்போடு முடிந்துவிடுவதில்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் மே 27 அன்று அந்த ஆணையை இரத்துச் செய்தது. குற்றத்தீர்ப்பு அப்படியே நிலைத்தது. மீளாய்வு மனுக்களும் 2020 ஜனவரியில் தள்ளுபடியாயின.