700 சைக்கிளில் 27.5 சக்கரம் மாட்டலாமா?

கேள்வி: என் ஹைபிரிட் சைக்கிளில் 700×32 டயர் (700 சக்கர அளவு, 32 மி.மீ. டயரின் அகலம்). மழைக்காலம் முடிந்தால் எங்கள் பக்கத்துத் தெருக்கள் குண்டும் குழியும்தான். 38 டயர் போட்டுப் பார்த்தேன். பின்பக்கம் ஃபிரேமின் குறுக்குக் குழாயில் உரசுகிறது. 27.5 சக்கரம் மாட்டினால் இன்னும் அகலமான டயர் போடலாம் என்கிறார்களே?
- வாசகர், வேளச்சேரி

பதில்: டிஸ்க் பிரேக் என்றால் போடலாம். ரிம்மைக் கட்டையால் பிடிக்கும் வி-பிரேக் என்றால் இந்தச் செலவே வேண்டாம். 700 ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ., 27.5 ரிம்மில் 584. ரிம் 19 மி.மீ. உள்ளே போய்விடும். பிரேக் கட்டையை அவ்வளவு கீழே இறக்க முடியாது. அது டயரின் பக்கவாட்டில் பட்டுக் கிழித்துவிடும்.

உங்கள் சக்கரத்தின் மொத்த விட்டம் இப்போது சுமார் 686. 27.5-இல் 50 மி.மீ. டயர் போட்டால் 684. அதனால் பெடல் உயரம் மாறாது, மேலேயும் உரசாது. 42 டயர் என்றால் பெடல் 9 மி.மீ. இறங்கும், வளைவில் தரையில் தட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் பக்கவாட்டில்தான். 50 டயரின் அகலமான இடம், இப்போதைய டயரைவிடப் பெடல் அச்சிலிருந்து 10 மி.மீ. விலகிப் பின் ஆக்சில் பக்கம் வரும், ஆனால் டயர் 18 மி.மீ. அகலம் கூடுகிறது. ஃபிரேமின் இரண்டு கீழ்க்குழாய்களுக்கு நடுவே உள்ள இடமோ பெடல் பக்கம் போகப்போகக் குறுகிக்கொண்டே போகும். பின் ஆக்சிலின் மையத்திலிருந்து 317 மி.மீ. தள்ளி, குழாய்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இரு பக்கமும் 5 மி.மீ. விட்டு 60 இருந்தால் 50 டயர். 52 இருந்தால் 42 போதும். முன் ஃபோர்க்கையும் இப்படியே அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் டயர் வாங்கவே வாங்காதீர்கள்.

சக்கரத்தின் நடுவில் உள்ள பழைய ஹப்பையே வைத்துக்கொள்ளலாம். உள் அகலம் 21 முதல் 25 மி.மீ. வரை உள்ள ரிம், ஹப்பில் எத்தனை துளையோ அத்தனை துளையோடு வாங்குங்கள். ஸ்போக் ஏறக்குறைய 19 மி.மீ. குட்டையாக வேண்டும், ரிம்மைக் கையில் வைத்துக்கொண்டு சரியான நீளத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி பெண்டு எடுக்க வேண்டும், புது ஸ்போக் தளரும். காற்று விஷயத்தில் பழைய அளவை மறந்துவிடுங்கள்: 70 கிலோ எடைக்கு 50 டயரில் முன்னால் 30, பின்னால் 35 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம்.

கேள்வி: பழைய லேடீஸ் சைக்கிளின் ரிம் 26×1⅜. அதில் 26×1.95 டயர் ஏறுமா?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: ஏறாது. இரண்டிலும் 26 என்று எழுதியிருந்தாலும் டயர் உட்காரும் விட்டம் உங்கள் ரிம்மில் 590 மி.மீ., அந்த டயருக்கு 559. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் இருக்கும் எண்ணைப் பார்த்து, பின்பாதி ஒத்துப்போவதை மட்டும் வாங்குங்கள்.