பழைய எபிசோடு என்றால் பொறுப்பு இல்லையா? க்ரைம் நிகழ்ச்சியின் மறு ஒளிபரப்பும் உங்கள் உரிமையும்

கேள்வி: என் தம்பியை 2011-ல் ஒரு கொலை வழக்கில் கைது செய்தார்கள். அடுத்த வருடம் ஒரு டிவி சேனல் அந்தச் சம்பவத்தை நடிகர்களை வைத்து எடுத்து, தம்பியின் பெயரையும் போட்டோவையும் காட்டியது. 2016-ல் செஷன்ஸ் கோர்ட் அவனை விடுதலை செய்தது. அரசுத் தரப்பு அப்பீலும் போகவில்லை. இப்போது மார்ச் 14 இரவு அதே எபிசோடை வேறு தலைப்பில் திரும்பப் போட்டிருக்கிறார்கள். யூடியூபில் பழைய வீடியோவும் இருக்கிறது, புதிதாக ஒரு துண்டும் ஏற்றியிருக்கிறார்கள். போன் செய்தால், "அது அப்பவே வந்ததுதானே, இப்ப என்ன புதுசா?" என்கிறார்கள். தம்பி மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தெரிந்தவர் ஒருவர் 40,000 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் தூக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? இரண்டு வீடியோக்களையும் அனுப்பியிருக்கிறேன். — வாசகி, பெரம்பூர்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் "இப்ப என்ன புதுசா" என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

யூடியூபில் இருக்கும் 2012 வீடியோவையும், பக்கத்து வீட்டுப் பையன் போனில் எடுத்த மார்ச் 14 ஒளிபரப்பையும் ஆபீசில் இரண்டு திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றல்ல. பழையதில் மேலே இடது மூலையில் "சித்தரிக்கப்பட்ட காட்சி" என்று எழுத்து இருக்கிறது. புதியதில் அந்த இடத்தில் புதுத் தலைப்பின் லோகோ உட்கார்ந்துவிட்டது. கீழே ஓடிய பழைய போன் நம்பரைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருக்கிறார்கள். விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்று சில நிமிடங்களை வெட்டியிருக்கிறார்கள். வெட்டியதில் போனது எது தெரியுமா? தம்பி மனைவி வாசலில் நின்று, "அன்னைக்கு நைட் ஷிப்ட்ல இருந்தாருங்க, கம்பெனியில கேட்டுப் பாருங்க" என்று சொல்லும் அரை நிமிடம். வெட்டாமல் விட்டது கடைசி வரி: "வழக்கு தற்போது நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது."

2012-ல் அந்த வரி உண்மை. இந்த மார்ச் 14 அன்று அது பொய். தீர்ப்பு வந்து எத்தனை வருடம் ஆகிவிட்டது!

மறு ஒளிபரப்பு என்பது பழைய டேப் தானாக ஓடுவது அல்ல. யாரோ ஒருவர் அதை எடுத்து, நேரத்துக்கு ஏற்ப வெட்டி, தலைப்பு மாற்றி, இன்று போடலாம் என்று முடிவு செய்கிறார். அந்த முடிவு இன்றைய முடிவு. சட்டத்தின் கண்ணிலும் அதைப் புதிய வெளியீடு என்றே வாதிடலாம். அவதூறுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட ஒரு வருடம்தான் கெடு. 2012 ஒளிபரப்புக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. மார்ச் 14-க்கு முடியவில்லை. அதனால் சேனலுக்கு எழுதும்போது 2012 பேச்சையே பெரிதாக எடுக்காதீர்கள். எல்லாரும் பழைய கோபத்தில் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அது வசதியாகிவிடுகிறது.

பழைய எபிசோடை மாற்றிப் போட முடியாது என்று சேனல் சொன்னால் அதுவும் சரியல்ல. அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் தொடங்கிய 'அன்சால்வ்டு மிஸ்டரீஸ்' நிகழ்ச்சியை 2008-ல் வேறு தொகுப்பாளரை வைத்துப் புதுப்பித்துத் திரும்பப் போட்டார்கள். குற்றவாளி பிடிபட்டாரா, காணாமல் போனவர் கிடைத்தாரா என்ற பின்செய்தியைச் சேர்ப்பது அந்த நிகழ்ச்சியின் வழக்கமாகவே இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்பே செய்த வேலை அது. இங்கே ஒரு வரியை மாற்றிக் குரல் கொடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. மனம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, சேனல் என்ன சொல்லும்? ஆட்டோ சங்கர் வழக்கைத் தூக்கிப் போடும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் பயந்து பின்வாங்குகிறார்கள். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒருவருடைய சொந்த வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது. ஆனால் கோர்ட் ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை எழுதச் சம்மதம் தேவையில்லை. இந்த "ஆனால்" பகுதியைத்தான் சேனல்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. எஃப்.ஐ.ஆர். பொது ஆவணம், சார்ஜ் ஷீட்டில் பெயர் இருக்கிறது, நாங்கள் போட்டோம் என்பார்கள்.

பதில் இதுதான்: 2016 தீர்ப்பும் பொது ஆவணம்தான். ஆவணத்தின் பாதியை மட்டும் காட்டிவிட்டு ஆவணத்தின் பாதுகாப்பு முழுவதையும் கேட்க முடியாது. அடுத்தது, நடிகர் கத்தியைக் கழுவி லுங்கியில் துடைக்கும் காட்சி எந்த ஆவணத்தில் இருக்கிறது? நீங்கள் அனுப்பிய தீர்ப்பை முழுக்கப் படித்தேன். சாட்சிகள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆவணத்தில் இல்லாததைச் சேர்த்த இடத்தில் அந்த விதிவிலக்கு நின்றுவிடுகிறது. "சந்தேகத்தின் பலனைக் கொடுத்துத்தானே விட்டார்கள்" என்றும் சொல்வார்கள். அதற்காகக் கூச வேண்டாம். விடுதலை என்றால் விடுதலைதான். எப்படி இருந்தாலும் "நிலுவையில் உள்ளது" என்பது பொய்தான்.

(ஆட்டோ சங்கர் வழக்குத் தீர்ப்பில் பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரைப் போடக்கூடாது என்றும் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிச் சட்டமே உண்டு. உங்கள் வழக்குக்கு அது பொருந்தாது.)

இப்போது அந்த 40,000 ரூபாய்க்காரர். இவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். பாரிமுனையில் ஒரு மேசை, கையில் இரண்டு போன், "ஆன்லைன்ல பேரைச் சுத்தம் பண்ணித் தர்றோம்" என்று ஒரு கார்டு. இவர்களில் பலர் செய்வது ஒரே வேலை. அந்த வீடியோ தங்களுடையது என்று யூடியூபில் பொய்யாகக் காப்பிரைட் புகார் கொடுப்பார்கள். வீடியோ உடனே மறையும். அன்றைக்கே உங்களிடம் மீதிப் பணத்தை வாங்கிவிடுவார்கள். சேனல் எதிர்மனு கொடுத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் வீடியோ திரும்ப வந்துவிடும். அப்புறம் அவர் போன் எடுக்க மாட்டார். பொய்ப் புகார் உங்கள் தம்பி பெயரில் கொடுக்கப்பட்டிருந்தால் அந்தத் தலைவலியும் உங்களுக்குத்தான்.

இன்னொரு வகை, "சேனல்ல நம்ம ஆள் இருக்கார்" என்பவர்கள். அவர்கள் கொண்டுவரும் சமரசக் கடிதத்தில் "மாற்றங்களுடன் ஒளிபரப்ப எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஒரு வரி எங்காவது நடுவில் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால், இல்லாத சம்மதத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. வக்கீல்களிலும் ஒரு கோடி நஷ்டஈடு கேட்கலாம் என்று ஆசை காட்டுபவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் கேட்கும் தொகையில் 3 சதவீதம். ஒரு கோடிக்கு 3 லட்சம். அதைக் கட்டுவது நீங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். தீர்ப்பின் சர்டிஃபைட் காப்பியை எடுங்கள். வலைத்தளத்தில் இறக்கிய பிரிண்ட் அவுட்டை சேனல் மதிக்காது. 2016 கட்டு ரெக்கார்டு ரூமில் இருக்கும், நாலு தடவை அலையவிடுவார்கள். விடுதலையான மனிதன் தன் விடுதலையை நிரூபிக்க இப்படி நடக்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் கோபம் வரவைக்கிற விஷயம். ஆனாலும் அங்கே நிற்கும் புரோக்கரிடம் கொடுக்காதீர்கள். காப்பி கேட்டுக் கொடுத்த மனுவின் எண்ணைக் குறித்துக்கொண்டு நீங்களே போங்கள்.

பிறகு சேனலின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். கையெழுத்து தம்பியுடையதாக இருக்கட்டும், பாதிக்கப்பட்டவர் அவர்தான். 2021-ல் வந்த கேபிள் டிவி விதிகளின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் பதிலும் தர வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. புகாரில் மூன்றே கோரிக்கை: போட்டோவையும் பெயரையும் எடுங்கள், விடுதலையானதைத் தொடக்கத்திலும் முடிவிலும் குரலில் சொல்லுங்கள், புதிய யூடியூப் துண்டை நீக்குங்கள். ஒளிபரப்பையே தடைசெய்யுங்கள் என்று கோர்ட்டுக்கு ஓடினால் இடைக்காலத் தடை லேசில் கிடைக்காது. ஊடகங்களுக்கு எதிராக அப்படித் தடை கொடுப்பதில் மிகக் கவனம் வேண்டும் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. திருத்தம் கேட்பவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும்.

2012-ல் ஏற்றிய பழைய யூடியூப் வீடியோ கொஞ்சம் கடினம். இணையத்தில் வெறுமனே கிடப்பது தினமும் புதிய வெளியீடு ஆகாது என்று 2013-ல் டெல்லி ஹைகோர்ட் சொல்லியிருக்கிறது. அதைப் புகாரில் கேட்டு வையுங்கள், ஆனால் வழக்கின் பாரத்தை அதன்மேல் ஏற்றாதீர்கள்.

வழக்கு வரை போக நேர்ந்தால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் வழக்குப் போடுவது தம்பி என்பதால் அவர் வருமானத்தைப் பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பையனிடம் அந்த போனை விற்கவோ வீடியோவை அழிக்கவோ வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். அந்த வீடியோவைச் சாட்சியமாகக் காட்டினால், கோர்ட்டில் அந்த போனைப் பற்றிச் சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும். சேனல்கள் தாங்கள் ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அழித்துவிட்டோம் என்று சொல்லலாம். பதிவைப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லி ஒரு தனி வரியைப் புகாரில் சேர்த்து, ஸ்பீடு போஸ்டிலும் மெயிலிலும் அனுப்புங்கள். மார்ச் 14-லிருந்து கணக்குப் போட்டால் 90 நாள் ஜூன் 12-ல் முடிகிறது.