காசு கட்டினால் என்ன கிடைக்கும்? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் புதுக்குடியிருப்பில் வசிக்கிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்தேன். பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. இப்போது ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். தரவுப் பகுப்பாய்வு படித்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று பலரும் சொல்வதால், இணையத்தில் இலவசக் கற்கைநெறிகள் சிலவற்றில் சேர்ந்தேன். எல்லாவற்றையும் பாதியிலேயே விட்டுவிட்டேன். அண்மையில் முகநூலில் ஒரு தனியார் நிறுவனத்தின் விளம்பரம் பார்த்தேன். மூன்று மாதம், சூம் வழியாகத் தமிழில் வகுப்பு, கட்டணம் 45,000 ரூபா, முடிவில் ‘சர்வதேசச் சான்றிதழ்’ என்று போட்டிருக்கிறார்கள். இந்தக் கிழமைக்குள் கட்டினால் கழிவும் உண்டாம். கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்புவதாகச் சொல்கிறார். “இலவசமாகப் படித்ததை ஒருவரும் மதிக்க மாட்டார்கள், காசு கட்டினால்தான் நீயும் படித்து முடிப்பாய்” என்கிறார். அவருடைய உழைப்பை வீணாக்கிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்னிடம் இப்போது கைப்பேசி மட்டுமே உள்ளது. நான் என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அண்ணா இரண்டு வாதங்களைச் சொல்கிறார். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு ஆதாரம்போலத் தோன்றும் எண்கள் உண்மையாகவே உண்டு. ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஆகிய பல்கலைக்கழகங்கள் 2012 இல் தொடங்கிய எட்எக்ஸ் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் தாங்கள் நடத்திய கற்கைநெறிகளின் ஆறு ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்த இரு ஆய்வாளர்கள், அதன் முடிவுகளை 2019 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 2017–18 காலத்தில் அக்கற்கைநெறிகளில் சேர்ந்த அனைவரிலும் ஏறத்தாழ 3 சதவீதத்தினரே முடித்திருந்தார்கள். சான்றிதழுக்காகக் கட்டணம் செலுத்தியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 46 சதவீதத்தினர் முடித்திருந்தார்கள்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு, காசுதான் படிக்க வைக்கிறது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் இலவசமாகப் பெயர் பதிந்தவர்களில் பெருந்தொகையானோர் முதற்பாடத்தைக்கூடத் திறக்கவில்லை என்பதும், கட்டணம் செலுத்தியவர்கள் பெரும்பாலும் முடித்தே தீருவது என்ற தீர்மானத்துடன் வந்தவர்கள் என்பதும் அந்த எண்களுக்குள் மறைந்திருக்கின்றன. வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்ந்தவர் நடந்து முடிக்கிறார் என்றால், அவரை நடத்திச் செல்வது நேர்த்தியே அன்றி வழியில் அவர் செலவழித்த காசு அல்ல. மேலும், கட்டணம் செலுத்தியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் முடிக்கவில்லை என்பதை அண்ணாவிடம் சொல்லுங்கள். நீங்கள் பாதியில் விட்டதற்குக் காரணம் இலவசம் என்று நான் நினைக்கவில்லை; காரணம் எது என்று கடைசியில் சொல்கிறேன்.

இலவசத்துக்கு மதிப்பில்லை என்ற வாதத்துக்கு வருவோம். எட்எக்ஸைப் போன்ற இன்னொரு கற்றல் தளமான கோர்செராவில் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். வருமானம் எவ்வளவு, எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள் என்பவற்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் வர ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். கட்டணம் எந்த அளவுக்குக் குறைக்கப்படும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடலாம், ஆனால் அவ்வாறு படித்து முடித்தவருக்குக் கிடைக்கும் சான்றிதழ் முழுக் கட்டணம் செலுத்தியவருக்குக் கிடைப்பதுதான். எவ்வளவு கட்டினீர்கள் என்று அதில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் தன் திறந்த கற்றல் தளத்தில் பைதன் என்ற கணினி மொழி, இணையத்தள வடிவமைப்பு ஆகியவற்றைக் கட்டணமின்றியே கற்பிக்கிறது. கொழும்பில் ஆளெடுக்கும் எந்த நிறுவனத்துக்கும் அந்தப் பெயர் தெரியும்.

அரச வேலையை மனத்தில் வைத்திருந்தால் கணக்கு வேறு. வர்த்தமானி அறிவித்தலில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை மட்டம் கேட்கப்பட்டிருந்தால், கோர்செராவும் எட்எக்ஸும் அங்கே செல்லாது. கனடாக் காசு கட்டிப் பெற்ற ‘சர்வதேசச் சான்றிதழும்’ செல்லாது. நம் நாட்டில் பயிற்சி நிறுவனங்களைப் பதிவதும் கற்கைநெறிகளுக்கு அங்கீகாரம் வழங்குவதும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற் கல்வி ஆணைக்குழுவின் பொறுப்பு. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. நிறுவனம் பதிவு பெற்றிருக்கும், ஆனால் நீங்கள் சேரப்போகும் கற்கைநெறிக்கு என்.வி.கியூ. அங்கீகாரம் இருக்காது, விளம்பரத்தில் ‘அரச பதிவு பெற்றது’ என்று மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் தேடிப் பார்க்கலாம். என்.வி.கியூ. தான் வேண்டுமென்றால், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தையும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களையும் விசாரித்த பின்னரே தனியாரிடம் போக வேண்டும்.

இனி, உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இணையவழிக் கற்கைநெறியில் பாடத்துக்கென்று விலை இல்லாமல் போய்விட்டது. 2002 அளவிலேயே எம்.ஐ.டி. தன் பாடக்குறிப்புகளை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போடத் தொடங்கிவிட்டது. இன்று எக்செல், தரவுத்தளங்களில் தரவைத் தேடி எடுக்கும் எஸ்கியூஎல் மொழி, பைதன் ஆகியவற்றில் கட்டணம் கட்டினால் மட்டுமே கேட்கக் கிடைக்கும் விளக்கம் என்று எதுவும் இல்லை. ஆகவே, கட்டணம் கேட்பவர் பாடத்துக்கு மேல் எதைத் தருகிறார் என்று பார்க்க வேண்டும். சான்றிதழ் ஒன்று. அதைவிடப் பெறுமதியானது, நீங்கள் செய்த வேலையை இன்னொரு மனிதர் திறந்து பார்த்துப் பிழை சொல்வது.

உங்கள் ஆலைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல் தாளில் ஒரு நிரலில் நெல்லின் நிறை, அடுத்ததில் கிலோ விலை, மூன்றாவதில் பெறுமதி. புதிதாகப் படிப்பவர் பலர் நிறையையும் விலையையும் கல்குலேற்றரில் பெருக்கி, வந்த எண்ணை மூன்றாவது நிரலில் தட்டச்சு செய்துவிடுவார்கள். விடை சரி. நான்கு தெரிவுகளில் ஒன்றை அழுத்தச் சொல்லும் தளத்தில் அவருக்கு முழுப் புள்ளி கிடைக்கும். ஆனால் அந்தத் தாளைத் திறந்து, அந்தக் கட்டத்தில் கேர்சரை வைத்துப் பார்க்கும் ஆசிரியர், அங்கே சூத்திரம் இல்லாமல் வெறும் எண் இருப்பதைக் காண்பார்; நாளை நெல்விலை மாறினால் பெறுமதி மாறாமல் அப்படியே நிற்கும் என்று காட்டித் தருவார். வேலையில் மாட்டிக்கொள்ள வைப்பவை இப்படிப்பட்ட பிழைகளே.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டணம் கட்டினாலும் பெரிய தளங்களில் அந்தக் கண் கிடைப்பதில்லை என்பதுதான். கூகுள் 2021 இல் கோர்செராவில் வெளியிட்ட தரவுப் பகுப்பாய்வுக் கற்கைநெறி நன்றாகத் திட்டமிடப்பட்டது. எக்செல் போன்ற விரிதாளில் தொடங்கி எஸ்கியூஎல், புள்ளிவிபர வேலைக்கான ஆர் என்ற கணினி மொழி வரை போகிறது. ஆனால் பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்தில் பயிற்சிகளைத் திருத்துவது பெரும்பாலும் இயந்திரம், அல்லது உங்களைப்போலவே படித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர். மாதாந்தக் கட்டணம் டொலரில் அறவிடப்படும்; அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட 49 டொலரை, டொலர் 300 ரூபா என்று வைத்துக் கணக்கிட்டால் மாதம் 14,700 ரூபா. ஏழு நாள் இலவசம் என்று அண்ணாவின் அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட்டு எட்டாம் நாள் மறந்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் உங்கள் சூம் வகுப்புக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. தமிழில் சொல்லிக்கொடுத்து, தமிழில் கேள்வி கேட்க விட்டு, கிழமைக்கு ஒருமுறை உங்கள் தாளைத் திறந்து பார்த்துப் பிழை சொல்லும் ஆசிரியர் இருந்தால் 45,000 ரூபா நியாயமான விலை. ஆகவே நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒப்படைகளை யார் திருத்துவார், முன்பு திருத்திய ஒப்படை ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். அந்தச் ‘சர்வதேச’ நிறுவனத்தின் பெயரையும் கேளுங்கள். வழங்குபவரின் பெயர் இல்லாத சர்வதேசச் சான்றிதழ் அச்சகத்தில் நல்ல தாளில் அடித்த வாழ்த்து மடல். ஒரு வகுப்பில் நூற்றுக்கு மேற்பட்டோர் என்றால், அது யூடியூப்பைக் குறித்த நேரத்தில் பார்ப்பதற்குக் கட்டும் காசு. கழிவைப் பற்றிப் பதற்றப்பட வேண்டாம், அடுத்த மாத விளம்பரத்திலும் அது இருக்கும்.

நீங்கள் பாதியில் விட்டதற்கு நான் காணும் காரணம், உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொன்ன கைப்பேசிதான். ஆறங்குலத் திரையில் விரலால் கட்டங்களை நகர்த்திக்கொண்டு, மேலே விளக்கக் காணொளியும் கீழே தாளுமாக மாறி மாறிப் பார்த்து எக்செல் படிப்பது எவருக்கும் சலிப்பூட்டும். அந்தக் கைப்பேசியுடன் 45,000 ரூபா வகுப்பில் சேர்ந்தாலும் மூன்றாம் கிழமையில் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். எனவே அண்ணா அனுப்பும் காசில் முதலில் ஒரு பாவித்த மடிகணினி வாங்குங்கள்; மிகுந்தால் டேட்டாவுக்கு வையுங்கள். கோர்செரா, எட்எக்ஸ் ஆகியவற்றின் கைப்பேசிச் செயலிகளில் பெரும்பாலான காணொளிகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால், வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கிவிட்டு, வீட்டில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே மடிகணினியில் செய்து பார்க்கலாம். இதனிடையே நிதியுதவிக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். இரண்டு மாதம் ஆலைக் கணக்கையே பயிற்சியாகச் செய்து பார்த்த பின்பு, உங்களால் தீர்க்க முடியாத கேள்விகள் கையில் இருக்கும்போது, அவற்றுக்குப் பதில் சொல்லும் ஆசிரியருக்குக் காசு கட்டுங்கள்.

மடிகணினியுடன் எக்செல்லுக்கும் தனியாகக் காசு வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். எக்செல் போன்ற விரிதாளும் அடங்கிய லிப்ரே ஆபிஸ் மென்பொருள் இலவசம், இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். கூட்டலும் பெருக்கலும் தேடலும் செய்யும் சூத்திரங்கள் இரண்டிலும் பெரும்பாலும் ஒரே பெயரில்தான் உள்ளன; பின்னர் ஓர் அலுவலகத்தில் எக்செல்லின் முன் அமரும்போது, பொத்தான்கள் இருக்கும் இடங்களைத் தேடிப் பிடிக்க ஒன்றிரண்டு நாள் எடுக்கும், அவ்வளவுதான்.