பில் ஃபோர்சைத் படங்கள்: கேள்வி பதில்

ஸ்காட்லாந்து இயக்குநர் பில் ஃபோர்சைத்தைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கே: இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

1946-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 17 வயதில் பள்ளியை விட்டதும் ஆவணப்படம் எடுப்பவர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் பல வருஷம் குறும்படம், விளம்பர ஆவணப்படம் என்றுதான் போனது. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டே கதைப்படம் எடுப்பது அநேகமாக நடக்காத காரியம். சினிமா என்றால் லண்டன்தான். இவர் ஊரை விட்டுப் போகாமல் எடுத்துக் காட்டினார். எனக்கு அவரைப் பிடிக்க முதல் காரணம் அதுதான்.

கே: பணம் எங்கிருந்து வந்தது சார்?

வரவில்லை! முதலில் எழுதிய திரைக்கதை 'கிரகரிஸ் கேர்ள்'. அதற்கு நிதி மறுக்கப்பட்டது. சரி, கையில் இருப்பதை வைத்து ஒன்று எடுப்போம் என்று கிளாஸ்கோ யூத் தியேட்டர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, சில ஆயிரம் பவுண்டில் 'தட் சிங்கிங் ஃபீலிங்' எடுத்தார். 1979-ல் வந்தது. வேலையில்லாத பையன்கள் ஒரு கிடங்கிலிருந்து பாத்திரம் கழுவும் ஸ்டீல் சிங்குகளைத் திருடக் கிளம்பும் கதை. அது பேசப்பட்ட பிறகுதான் பழைய திரைக்கதைக்கு வழி பிறந்தது.

கே: 'கிரகரிஸ் கேர்ள்' நாயகி நிஜமாகவே கால்பந்து ஆடுவாரா?

டீ ஹெப்பர்ன் அதற்காகவே பார்ட்டிக் திஸில் கிளப்பில் பயிற்சி எடுத்தார். கம்பர்னால்ட் என்ற புதுநகரத்தில், ஏறக்குறைய 2 லட்சம் பவுண்டில் எடுத்த படம். பள்ளி அணியில் ஒரு பெண் சேர்ந்து, இருக்கிற பையன்களைவிட நன்றாக ஆடுகிறாள். நெட்டையாக, கைகாலை எங்கே வைப்பதென்று தெரியாத கிரகரி அவளிடம் மயங்கிவிடுகிறான். அவனை ஒரு இடத்திலும் கேலிப்பொருளாக்காமல் பார்க்கிறது கேமரா.

இன்னொரு விஷயம். இதில் வரும் கிளேர் குரோகனுக்கு முகத்தில் வெட்டுக்காயம் பட்டிருந்தது. ஃபோர்சைத் அவரை மாற்றவில்லை. காயம் தெரியாத பக்கமாகப் பார்த்துப் படம் பிடித்தார். 1982-ல் திரைக்கதைக்கான பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட விருது) கிடைத்தது. அமெரிக்காவில் வெளியிட்டபோது, அங்குள்ளவர்களுக்குப் புரியாது என்று ஸ்காட்டிஷ் பேச்சை மென்மையாக்கி மறுபடி டப் செய்தார்கள். நீங்கள் பார்த்தால் அசல் ஒலியோடு பாருங்கள்.

கே: டிவிக்கு எதுவும் செய்யவில்லையா?

1981-ல் பிபிசிக்காக 'ஆண்ட்ரினா'. ஜார்ஜ் மெக்கே பிரவுன் எழுதிய ஆர்க்னி தீவுக் கதை. ஒரு முதிய மாலுமியும் அவரைப் பார்க்க வரும் இளம்பெண்ணும். ஃபோர்சைத் என்றால் நகைச்சுவை என்று நினைப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

கே: இவ்வளவு நல்லவர் ஏன் காணாமல் போனார்?

அமெரிக்க ஸ்டுடியோவுக்காக எடுத்து 1987-ல் வந்த 'ஹவுஸ்கீப்பிங்' அருமையான படம். சிக்கல் 1994-ல் வந்த 'பீயிங் ஹியூமன்'. ராபின் வில்லியம்ஸ் ஐந்து வெவ்வேறு காலங்களில் வாழும் ஐந்து மனிதர்களாக நடித்தார். ஸ்டுடியோ படத்தை வெட்டச் சொல்லி, பின்னணிக் குரலும் சேர்க்க வைத்தது. படம் ஓடவில்லை. மௌனத்தை நம்பிப் படம் எடுக்கிறவர் தலையில் விளக்கக் குரலைக் கட்டினால் என்ன ஆகும்? எனக்கு இன்றும் ஆறவில்லை. 1999-ல் 'கிரகரிஸ் டூ கேர்ள்ஸ்' எடுத்தார். அதன் பிறகு படமே இல்லை.

கே: 'லோக்கல் ஹீரோ'வில் மேக் அந்த ஊரிலேயே தங்கியிருக்கக் கூடாதா? மனசு கேட்கவில்லை.

படம் பார்க்காதவர்கள் இதை விட்டுவிடுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன்.

1983-ல் வந்த படம். சிறந்த இயக்கத்துக்கான பாஃப்டா இதற்குத்தான். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காக ஒரு கடலோரக் கிராமத்தையே விலைக்கு வாங்க ஹூஸ்டனிலிருந்து வருகிறான் மேக். ஊர்க்காரர்களுக்கோ விற்க ஒரே ஆசை. வாங்க வந்தவன்தான் ஊரிடம் மனதைக் கொடுத்துவிடுகிறான். கிராமம் கிழக்குக் கரையில் இருக்கும் பென்னன், கடற்கரை மேற்கே இருக்கும் கமஸ்டாரக். இரண்டையும் ஒரே ஊராக நம்ப வைத்துவிட்டார்.

உங்களைப் போலத்தான் ஸ்டுடியோவும் நினைத்தது. சந்தோஷமான முடிவு வேண்டும் என்றது. ஃபோர்சைத் ஒப்புக்கொள்ளவில்லை. மேக் தன் ஃப்ளாட்டுக்குத் திரும்பி, பையிலிருந்து கிளிஞ்சல்களை எடுத்து வைக்கிறான். அப்புறம், ஏற்கெனவே எடுத்திருந்த கிராமத்து ஷாட் ஒன்றைக் கடைசியில் சேர்த்து, மணிச் சத்தம் மட்டும் கொடுத்தார். மேக் ஹூஸ்டனுக்குப் பேசிவந்த கிராமத்துச் சிவப்பு டெலிபோன் பெட்டி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.